லாரி ஏறும் பாட்டு

எங்கள் கம்பெனியில் காதுக்கென்று ஒரு ஸீட் இருந்தது. அதில் நான் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. ஓசூர் தொழிற்பேட்டையில், டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் செட்டுகளை நாங்கள் பூட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம். லைன் முழுக்கப் பெண்கள். ஒருத்தி ஈயம் வைப்பாள், ஒருத்தி திருகு போடுவாள், ஒருத்தி மூடியைப் பொருத்துவாள். கடைசியில் செட் எங்கள் இரண்டு பேரிடம் வரும். பக்கத்து ஸீட்காரி தொரப்பள்ளியிலிருந்து வருகிறவள். அவள் படத்தைப் பார்ப்பாள், நான் ஹெட்போன் மாட்டிச் சத்தத்தைக் கேட்பேன். படம் சரி, சத்தம் சரி என்றால் ஓகே ஸ்டிக்கர். பிறகு அடுத்த செட்.

நான் சிங்காரப்பேட்டைக்காரி. அங்கே அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருந்தான். அத்தா இல்லை. அம்மா அண்ணனோடு இருந்தாள். நான் மத்திகிரியில், மாட்டுப் பண்ணைக்குப் போகிற வழியில், இன்னும் சில பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தேன். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

முதல் மாதம் அந்தச் சத்தங்களைக் கேட்டுத் தலைவலி வந்ததுதான் மிச்சம். கீக் கீக், புஸ் புஸ். இதைப் போய் எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று திட்டிக்கொண்டே வேலை செய்தேன். திட்டத் திட்டக் காது பழகிவிட்டது. பழகின காது சும்மா இருக்குமா? பிரித்துப் பார்க்க ஆரம்பித்தது. அந்த செட்டுக்குள் மொத்தமே நாலு குரல்தான். இரண்டு கீச்சுக் குரல், ஒரு அடிக்குரல், கடைசியாக ஒரு வெறும் இரைச்சல். அடிக்குரலுக்குக் கூட்டிக் குறைக்கத் தெரியாது. இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. இரைச்சலுக்குச் சுரமே கிடையாது. இந்த நாலு பேரை வைத்துக்கொண்டு, கடல் கடந்த ஏதோ ஒரு ஊரில் எவனோ ஒருத்தன், இல்லை எவளோ ஒருத்தி, பாட்டுப் போட்டிருக்கிறாள். பெட்டியில் பேர் இல்லை, செட்டில் செருகுகிற கேம் கேசட்டிலும் பேர் இல்லை.

எத்தனை யோசித்துப் போட்டிருக்கிறார்கள் என்று போகப் போகத்தான் தெரிந்தது. விளையாடுகிறவன் பொம்மையைக் குதிக்க வைத்தால் அந்தக் குதிக்கிற சத்தத்துக்கும் ஒரு குரல் வேண்டும். ஐந்தாவது குரல் ஏது? பாட்டிலிருந்துதான் ஒன்றைப் பிடுங்கும். அடுப்படியில் நிற்கிறவளை வாசலில் யாராவது கூப்பிட்டால் கரண்டியை வைத்துவிட்டுப் போய் வருகிறாள் இல்லையா, அப்படி ஒரு குரல் போய்விட்டு வரும். அந்த நேரத்தில் குழம்பு அடிபிடிக்கக் கூடாது. நல்ல பாட்டு என்றால், போய்த் திரும்புகிற குரலில் முக்கியமானதை வைத்திருக்க மாட்டார்கள். அதோடு பாட்டு முடிந்து முதலிலிருந்து தொடங்குகிற இடம் இருக்கிறதே, அந்தத் தையல் காதுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் கேட்கிறவனுக்கு வெறுத்துவிடும். ஒரு சில கேசட்டில் நான் நாள் முழுக்கத் தேடியும் தையல் அகப்படவில்லை. அடப்பாவி, எங்கேதான் ஒட்டினாய் என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

"யார்கிட்டடி பேசற?" என்பாள் தொரப்பள்ளிக்காரி.

"பாட்டுப் போட்டவன்கிட்ட."

"அவன் வந்து பதில் சொல்லப் போறானா? செட்டை இந்தப் பக்கம் தள்ளு."

எல்லாம் சரி, அதற்குள் காதில் ஒரு சத்தம் வந்து குடியேறிவிட்டது. செட்டில் இல்லாத சத்தம். கம்பெனி பஸ்ஸில் ஏறி ஹெட்போன் இல்லாமல் உட்காரும்போதும் இடது காதில் கொசு போல ஒரே சுரம். தூங்கி எழுந்தாலும் அது எனக்கு முன்னால் எழுந்திருக்கும். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன்.

"பஞ்சு வெச்சிக்கோம்மா" என்றார்.

"பஞ்சு வெச்சிக்கினு சவுண்டு டெஸ்ட்டா? கண்ணைக் கட்டிக்கினு பிறை பாக்கச் சொல்றீங்களா சார்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஸீட் வேண்டாம் என்றால் ஸீட்டே இல்லை என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு முடிவு செய்தேன், காது போவதற்குள் இந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்று. எழுந்து எங்கே போவது என்பதும் எனக்குத் தெரியும். மாடியில் இன்ஜினியர் அறை இருந்தது. அங்கே ஹெட்போன் கிடையாது, ஸ்பீக்கரில் மெதுவாகக் கேட்கலாம். அங்கே போக ஒரு வழி தானாகவே வந்தது. அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

எங்கள் முதலாளி பெங்களூர்க்காரர், கன்னடம் பேசுகிறவர். வெளிநாட்டு கேமையே எத்தனை நாள் போட்டு விற்பது, நம்முடையதாக ஒன்று செய்யலாம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஒரு லாரி ஏறி வர வேண்டும். வழியில் பள்ளம், மாடு, செக்போஸ்ட். லாரி கவிழ்ந்தால் ஆட்டம் போச்சு. இதுதான் கேம். இன்ஜினியர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், சின்ன வயசு. படத்தை எல்லாம் போட்டு முடித்துவிட்டார், பாட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. ஒருநாள் என் ஸீட்டுக்கு வந்து, "நாள் முழுக்கக் கேக்கறியே, எந்தப் பாட்டு உனக்கு அலுக்கவே இல்ல?" என்று கேட்டார்.

இதைக் கேட்க ஆளில்லாமல்தானே இருந்தேன்! பிடித்துக்கொண்டேன். நாலு குரல், பிடுங்குகிற குரல், தையல், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, "அப்ப நீயே ஒண்ணு போடேன்" என்றார்.

எனக்கு சரிகமபதநி தெரியாது. வாயால்தான் போட்டேன். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, சூளகிரி தாண்டி ஏற்றத்தில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் எப்போதும் ஒரு லாரி முக்கிக்கொண்டிருக்கும். டிரைவர் கியர் மாற்றும் அந்த ஒரு கணம் வண்டி மனசு மாறிவிட்டதுபோலப் பின்னால் தொய்யும். தொய்ந்த பிறகுதான் பிடித்துக்கொண்டு ஏறும். அதையே போட்டேன். முதலில் அடிக்குரலில் மூன்று சுரம், மேலிருந்து கீழே சறுக்கும். பிறகு இரண்டு கீச்சுக் குரலும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு படிப்படியாக ஏறும். உச்சிக்குப் போனதும் மறுபடி அந்த மூன்று சுரச் சறுக்கல். ஏறி முடித்த இடத்திலேயே சறுக்கல் ஆரம்பிப்பதால் தையல் தெரியாது. இது எனக்குத் தோன்றிய அன்று கேன்டீனில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சாப்பாட்டு வேளைகளில் நான் பாடப் பாட இன்ஜினியர் அதை எண்களாக மாற்றி ஏற்றினார். "இடம் இல்லம்மா, சுருக்கு" என்பார். சுருக்குவேன். "இன்னும் சுருக்கு" என்பார். சண்டை போட்டுவிட்டு அதையும் சுருக்குவேன். கடைசியில் ஒருநாள் ஸ்பீக்கரில் என் பாட்டு வந்தது. என் வாயிலிருந்து போனதை ஒரு பெட்டி எனக்குத் திருப்பிப் பாடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்? அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லைனில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்களுக்குள் எதையும் ஒரிஜினல், டூப்ளிகேட் என்று பிரிக்கிற பழக்கம். எங்கள் செட்டும் வெளிநாட்டு செட்டைக் காப்பியடித்ததுதான். தொரப்பள்ளிக்காரி கைகொட்டிச் சிரித்தாள். "நம்ம செட்டே டூப்ளிகேட்டு. அதுக்குள்ள ஒரிஜினல் பாட்டாடி? ஓட்டாஞ்சட்டியில பிரியாணியாட்டம் இக்குது!"

சூப்பர்வைசரிடம் இன்ஜினியரே பேசினார். இனி வருகிற கேம்களுக்கும் பாட்டு வேண்டும், இந்தப் பெண்ணை மாடிக்குக் கொடுங்கள் என்றார். முதலாளிக்குப் பிடித்துக் கேசட் வரட்டும், பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர்.

முதலாளி வந்த அன்று தொரப்பள்ளிக்காரி லீவு. அவர்கள் வீட்டில் ராகி அறுப்பு. அவளுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். அவள் மட்டும் இருந்திருந்தால், என்று இன்றைக்கும் தோன்றும். இருந்திருந்தால் மட்டும் என்ன, ஒரு மாதம் முன்னதாகவே அழுதிருப்பேன். முதலாளி லைனைச் சுற்றிக்கொண்டு வந்தார். இன்ஜினியர் கேமை என் ஸீட்டில் இருந்த டிவியிலேயே போட்டு, ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைத் திறந்தார். சறுக்கியது, ஏறியது, சறுக்கியது, ஏறியது. பின்னால் திருகு மெஷின்கள் கத்திக்கொண்டிருந்தன.

"யார்து ஈ ஹாடு?" என்றார் முதலாளி. இது யார் பாட்டு என்று கேட்கிறார். இன்ஜினியர் என்னைக் காட்டினார். நான் எழுந்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், இன்னொரு சுற்றுக் கேட்டார். பிறகு கையை ஆட்டிக்கொண்டே, "இர்லி, இர்லி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த கன்னடம் எல்லாம் கேன்டீன் கன்னடம். சாப்பிட்டு முடிக்காதபோது தட்டை எடுக்க ஆள் வந்தால், பெங்களூர்ப் பெண்கள் தட்டின் மேல் கையை வைத்து, "இர்லி" என்பார்கள். எடுக்காதே, இருக்கட்டும். அதுதான் நான் கற்ற இர்லி. இன்ஜினியருக்கு அதுவும் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். "இருக்கட்டும்னு சொல்றாரு சார்!" என்று கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். அதில் கன்னடம் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள். இந்த மெஷின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லையோ, என் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார்களோ, தெரியாது.

அந்த மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீடியோ கேம் என்றால் என்ன என்று விளங்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாடிக் காட்டினேன்.

"என்னாடி இது, எடுத்த எடுப்புலயே விழுவுது?" என்றாள்.

"லாரி ஏத்தத்துல மொதல்ல பின்னாடி சறுக்கும்மா. அப்பறம்தான் ஏறும். பொறுமையா கேளு."

மறுபடி பாடினேன். ஏறுகிற இடத்தில் அம்மாவின் தலை தானாக மேலே போனது. "ம். ஏறுது" என்றாள். பிறகு, "டிவில வருமா? ஆளுங்க கேப்பாங்களா?" என்று கேட்டாள். அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கேசட்டுகள் வந்தன. அட்டைப் பெட்டியை என் ஸீட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள். டீ வேளை, எல்லாரும் கூடிவிட்டார்கள். தொரப்பள்ளிக்காரி முதல் கேசட்டைச் செருகினாள். லாரி வந்தது, மலை வந்தது. பாட்டு வந்தது. அப்போது ஊரெல்லாம், பஸ்ஸெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டு. கீச்சுக் குரலில் அதைப் பிசிறு பிசிறாக அடித்து வைத்திருந்தார்கள். இரண்டாவது அடியிலேயே தையல் பல்லைக் காட்டியது.

ஓட்டிக்கொண்டிருந்த தொரப்பள்ளிக்காரி பதறியதில் லாரி மாட்டின் மேல் மோதிக் கவிழ்ந்தது. சினிமாப் பாட்டு நின்றது. நின்ற இடத்தில் என் மூன்று சுரம் வந்தது. அடிக்குரலில், மேலிருந்து கீழே. அதோடு முடிந்தது. திரையில் ஆட்டம் போச்சு என்று எழுத்து.

"மறுபடி கவுத்து" என்றேன். கவிழ்த்தாள். அதே மூன்று சுரம். "இன்னொரு தடவை." அவள் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவுரு என்னா சொன்னாருன்னு சொன்ன?" என்று கேட்டாள் தொரப்பள்ளிக்காரி.

"இர்லின்னாரு."

"கை எப்பிடி ஆட்டுனாரு?"

ஆட்டிக் காட்டினேன். உள்ளங்கை எங்கள் பக்கம், வெளியே தள்ளுகிற மாதிரி. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, மண்டு! இர்லிக்கு ரெண்டு அர்த்தம் இக்குதுடி. கை கீழ அமுந்தினா இருக்கட்டும், எடுக்காதேன்னு. கை வெளிய தள்ளினா, கெடக்கட்டும் வுடு, வேணான்னு. தமிழ்ல மட்டும் என்னாவாம்? மருமவ காபி குடுத்தா மாமியா 'இருக்கட்டும், இருக்கட்டும்'ங்கறா. குடிக்கறதுக்கா சொல்றா?"

அது எனக்குத் தெரியாதா? சிங்காரப்பேட்டையில் யாராவது கையை அப்படித் தள்ளி இருக்கட்டும் என்றிருந்தால் அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். வேறு பாஷையில் வந்ததால் கையைப் பார்க்காமல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வேண்டும் என்று இருந்தவளுக்கு வேண்டும் என்றே கேட்டது.

மாடிக்குப் போனேன். இன்ஜினியர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பெங்களூரில் மாதிரிக் கேசட்டைப் போட்டதும் முதலாளி கத்தியிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னேனே, தெரியாத பாட்டுக்கு எவன் காசு கொடுப்பான், ஜனங்களுக்குத் தெரிந்ததைப் போடு என்று. அங்கேயே வேறொரு ஆள் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டான்.

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். "முழுசா போயிடக் கூடாதுன்னு அந்த மூணு சுரத்தை மட்டும் கவுறற எடத்துல வெச்சேன். உனக்காகத்தான்மா."

"எனக்காகவா? விழுறதை மட்டும் வெச்சீங்களே சார். ஏறுறது எங்க?"

"அதுக்கு எடமில்ல."

அவரைத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. நல்ல மனுஷன். கண் கலங்கி நின்றிருந்தார். அவர் மட்டும் என்ன செய்வார்? இறங்கி வந்துவிட்டேன். சில மாதத்தில் அவரும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், மாடி அறையைப் பூட்டி அட்டைப் பெட்டி அடுக்கினார்கள்.

நாற்காலி எனக்கே இருந்தது. இப்போது ஒவ்வொரு செட்டுக்கும் லாரி கேசட்டைப் போட்டுத்தான் டெஸ்ட். நாலு குரலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்குரல் தனியாகக் கேட்கிற இடம் லாரி கவிழ்கிற இடம்தான். அதனால் வேண்டுமென்றே கவிழ்ப்பேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் அதைச் சாவுச் சத்தம் என்றார்கள். மத்திகிரியில் நடந்து போகும்போது எந்த வீட்டு ஜன்னலிலாவது அந்த மூன்று சுரம் வரும், உடனே உள்ளிருந்து ஒரு கெட்ட வார்த்தையும் வரும். என் பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் தோற்றுப்போய்க் கடுப்பில் இருந்தவர்கள். ஒருத்தராவது அதைக் கேட்க ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நாளில் கொசுச் சுரம் வலது காதுக்கும் வந்தது. அந்தச் சுரத்தைவிட உச்சத்தில் இருக்கிற சத்தமெல்லாம் பஞ்சுக்குப் பின்னால் போவதுபோல மங்கிப் போனது. ஒருநாள் பெங்களூரிலிருந்து ஒரு கட்டு செட் திரும்பி வந்தது. கீச்சுக் குரல் ஒன்று வரவே இல்லையாம், எல்லாவற்றிலும் என் ஓகே ஸ்டிக்கர். சூப்பர்வைசர் ஒன்றைப் போட்டுக் காட்டினார்.

"கேக்குதா?"

"நல்லாத்தானே சார் இக்குது" என்றேன்.

பக்கத்தில் தொரப்பள்ளிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கே என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அந்த நாற்காலியை விட்டு எழுந்தது அப்படித்தான்.

பெருநாளுக்கு நான் கிளம்புகிற சமயம், பேக்கிங் ஆட்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ரிஜெக்ட் செட் கொடுத்தார்கள், லாரி கேசட்டோடு. மேல்மூடியில் கீறல் விழுந்த செட், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிரியாணி சாப்பிட்டுவிட்டு அண்ணன் அதை டிவியில் மாட்டி ஓட்ட உட்கார்ந்தான். நான் கூடத்தின் மறு கோடியில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். சினிமாப் பாட்டு ஓடியிருக்கும். அங்கிருந்து எனக்கு ஒரு மாதிரி கொரகொரப்பாகத்தான் கேட்டது.

லாரி கவிழ்ந்தது. அம்மா பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏண்டி, இது உன் பாட்டில்ல? அந்தச் சறுக்கறது!"

அன்றைக்கு ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டது. ஞாபகம் வைத்திருந்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சறுக்கறது வந்துடுச்சு. ஏறுறது எப்ப வரும்?"

அண்ணன் மறுபடி ஓட்டினான், மறுபடி கவிழ்த்தான். மூன்று சுரம் வந்ததும் அம்மா தலையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் என்ன சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது? கன்னடத்திலிருந்தா, காதிலிருந்தா?

"இருக்கட்டும்மா" என்றேன், கையைத் தள்ளி.

அம்மா என் கையைப் பார்க்கவில்லை. "சரி, இருக்கட்டும். நிறுத்தாதப்பா" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, டிவிக்குக் கிட்டப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.